சர்க்கரை நோய் பெண்களின் இதயத்தை ஏன் கூடுதலாகத் தாக்குகிறது? சுகர் அளவு சரியாக இருந்தால் போதுமா?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. 6 வருடமாக டைப் 2 சர்க்கரை. மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் சோதனை) 6.9. "நல்லா வெச்சிருக்கீங்க, இப்படியே போகட்டும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

சர்க்கரை வந்த பெண்களுக்கு இதய நோய் வருகிற வாய்ப்பு ஆண்களைவிட வேகமாக ஏறுகிறது என்று அண்மையில் படித்தேன். கண், சிறுநீரகம், கால் எல்லாவற்றைப் பற்றியும் என்னிடம் பேசியிருக்கிறார்கள். இதயத்தைப் பற்றி இதுவரை யாரும் பேச்செடுத்ததே இல்லை.

இது உண்மையா? உண்மை என்றால், ஏன் பெண்களுக்கு இப்படி? எச்பிஏ1சி 7-க்குள் இருந்தால் இதயமும் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆய்வுக்கண்

உண்மைதான் மழைத்துளி. புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கிய இதய ஆய்வு இன்றைக்கும் நடக்கிறது. அதிலிருந்து 1979-ல் வெளிவந்த கட்டுரையிலேயே, சர்க்கரை நோய் பெண்களின் இதய ஆபத்தை ஆண்களைவிட அதிகமாகக் கூட்டுகிறது என்று எழுதிவிட்டார்கள்.

2014-ல் 64 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தம் எட்டரை லட்சம் பேருக்கு மேல். சர்க்கரை இல்லாத ஆணோடு ஒப்பிட்டால் சர்க்கரை உள்ள ஆணுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 2.16 மடங்கு. சர்க்கரை இல்லாத பெண்ணோடு ஒப்பிட்டால் சர்க்கரை உள்ள பெண்ணுக்கு 2.82 மடங்கு. பக்கவாதத்திலும் இதே போக்குதான், இடைவெளி மட்டும் கொஞ்சம் குறைவு.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு (2004) மாரடைப்பை மட்டும் பார்த்தது. அதிலும் சர்க்கரையின் பங்கு பெண்களிடம்தான் பெரிதாக இருந்தது. இத்தனை வருடம், இத்தனை நாடுகள், எல்லாம் ஒரே திசையைக் காட்டினால் தற்செயல் என்று தள்ள முடியாது.

கல்மரம்

ஒரு சந்தேகம். மடங்குக் கணக்கு ஏமாற்றும். பெண்களுக்கு மாரடைப்பு ஆரம்பத்திலேயே குறைவு. குறைவான எண்ணைப் பெருக்கினால் மடங்கு பெரிதாகத்தான் தெரியும். சர்க்கரை உள்ள ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆண்களுக்குத்தானே இன்னமும் மாரடைப்பு அதிகம்? பெண்களைப் பயமுறுத்துவதால் என்ன லாபம்?

ஆய்வுக்கண்

நியாயமான கேள்வி. ஆமாம், ஒரே வயதில் பார்த்தால் பெரும்பாலும் ஆண்களின் மொத்த எண்ணிக்கைதான் கூடுதல். அதை மறைத்துவிட்டு மடங்கை மட்டும் சொல்வது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மாதவிடாய் நிற்கும் வயது வரை ஒரு பெண்ணுக்கு இதய நோயிலிருந்து ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு இருக்கிறது. சர்க்கரை வந்ததும் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. 2018-ல் ஏறத்தாழ 10 லட்சம் பேரின் தரவை வைத்து வந்த கணக்கில், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மரணத்தைச் சர்க்கரை ஆண்களில் சுமார் 2 மடங்காகவும் பெண்களில் சுமார் 3 மடங்காகவும் ஆக்கியிருந்தது. 35 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல். மழைத்துளி இருக்கிற வயது அதுதான்.

"பொம்பளைங்களுக்கு இந்த வயசுல ஹார்ட் அட்டாக் வராது" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில மருத்துவமனைகளிலும் சொல்கிறார்கள். சர்க்கரை இல்லாத பெண்ணுக்கு அது ஓரளவு பொருந்தலாம். சர்க்கரை உள்ளவருக்குப் பொருந்தாது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தத் தப்பான தைரியம் கலைய வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கல்மரம்

சரி, இப்படிச் சொன்னால் புரிகிறது. என் மனைவிக்கும் சர்க்கரை உண்டு, வயது 51. தொடர்ந்து படிக்கிறேன்.

நிலாமுற்றம்

நான் பொதுநல மருத்துவர். "ஏன்" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே காரணம் கிடையாது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இது: பெண்ணின் உடல் சர்க்கரை நோய்க்குள் நுழைவதற்கு முன்பே வெகுதூரம் கெட்டுவிடுகிறது. ஆண்களுக்குக் கொழுப்பு சீக்கிரமே வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் சேரும். அதனால் ஓரளவு எடை கூடினாலே சர்க்கரை வந்துவிடும். பெண்களுக்கு முதலில் இடுப்பு, தொடை என்று தோலுக்கு அடியில் சேர்கிறது. அங்கே சேர்கிற கொழுப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. அந்த இடம் போதாமல் போகும்போதுதான் வயிற்றுக்குள் ஏறுகிறது. ஆக, ஒரு பெண்ணுக்குச் "சர்க்கரை நோய்" என்று பெயர் வைக்கிற நாளில், அதே நிலையில் இருக்கும் ஆணைவிட அவருக்குச் சராசரியாக எடை கூடுதலாக இருக்கும். நல்ல கொழுப்பான எச்டிஎல் இறங்கியிருக்கும், டிரைகிளிசரைட் என்ற ரத்தக் கொழுப்பு ஏறியிருக்கும், பிரஷரும் மேலே போயிருக்கும். சுகர் எல்லையைத் தாண்டியது போன மாதமாக இருக்கலாம், ரத்தக்குழாய் அடி வாங்க ஆரம்பித்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

அடுத்தது ரத்தக்குழாயின் உள்பூச்சு. அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதால்தான் குழாய் தேவைக்கு ஏற்ப விரிகிறது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சுரப்புக்குத் துணை நிற்கும். ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலின் எதிர்ப்பும் கூடினால் அந்த வேலை கெடுகிறது. ரத்தம் உறைகிற தன்மையும் கூடுகிறது, அந்த மாற்றமும் பெண்களிடம் தூக்கலாகத் தெரிகிறது. அப்புறம் மெனோபாஸ் வந்தால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் ஏறும், வயிற்றில் சதை போடும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கும் பெண்ணுக்கு இது இன்னொரு சுமை.

மூன்றாவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் இதற்கும் உடலுக்கும் சம்பந்தமில்லை. சர்க்கரை உள்ள பெண்களுக்குக் கொழுப்பு மாத்திரை எழுதுவது ஆண்களைவிடக் குறைவு, எழுதினாலும் எல்டிஎல் இலக்கை எட்டுவது குறைவு. பல நாடுகளில் பார்த்துச் சொன்ன விஷயம் இது. மருந்து ஆய்வுகளிலும் பெண்கள் குறைவுதான். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை இதயத்தைக் காக்கிறது என்று 2015-ல் நிரூபித்த பெரிய ஆய்விலேயே பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மழைத்துளி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரடி பதில்: இல்லை. 6.9 நல்ல எண்தான், கண்ணையும் சிறுநீரகத்தையும் அது நன்றாகக் காக்கும். ஆனால் இதயத்தைப் பொறுத்தவரை சுகர் நான்கைந்தில் ஒன்று. பிரஷர், எல்டிஎல், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிவது, புகை, எடை எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. டென்மார்க்கில் நடந்த ஸ்டெனோ-2 ஆய்வில் (2003) சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்டுக்குள் கொண்டுவர முனைந்தபோது இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. டைப் 2 நோயாளிகளிடம் சுகரை மட்டும் துரத்திய பெரிய ஆய்வுகளில் இந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

மழைத்துளி

டாக்டர், மிக்க நன்றி. என் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எல்டிஎல் 128. பிரஷர் ஒவ்வொரு முறையும் 138/86 மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். "பார்டர்தான், பரவாயில்லை" என்றார்கள். சிறுநீரில் ஆல்புமின் எங்கேயும் காணோம், எடுக்கவே இல்லை போலிருக்கிறது.

நிலாமுற்றம்

நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்லக்கூடாது. ஆனால் இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லலாம்.

சர்க்கரை உள்ளவருக்கு 138/86 பார்டர் இல்லை. இன்றைய வழிகாட்டுதல்கள் 130/80-க்குக் கீழே என்கின்றன. 40 வயதுக்கு மேல் சர்க்கரை இருந்தாலே, எல்டிஎல் எவ்வளவு என்று பார்க்காமலே, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். கூடவே வேறு ஆபத்துக் காரணிகளும் இருந்தால் எல்டிஎல் 70-க்குக் கீழே போக வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் இலக்கு. இதய நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே.

சிறுநீர் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். 30-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கு மட்டும் எச்சரிக்கை என்று நினைக்காதீர்கள். உடம்பு முழுக்க நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பித்ததற்கு அது அடையாளம், இதயமும் அதில் அடக்கம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்களுக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரையோ பிரஷரோ இருந்ததா? மாதவிடாய் 40-க்கு முன்பே நின்றதா? பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உண்டா?

மழைத்துளி

மகள் வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்தது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்றார்கள். இதுவரை யாரும் அதைக் கேட்டதே இல்லை.

வெண்முகில்

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கும் இரண்டு பிரசவத்திலும் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவம் முடிந்ததும் "இனிமே ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு மறுபடி எப்போது சுகர் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட யாரும் எழுதித் தரவில்லை. குழந்தைக்குத் தேதி தவறினால் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், அம்மாவைக் கேட்பதற்கு ஆள் இல்லை. இப்போதும் கோபமாக வருகிறது.

ஆய்வுக்கண்

உங்கள் கோபம் நியாயம்தான். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 வரும் வாய்ப்பு, அது வராத பெண்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 10 மடங்கு என்று 2020-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. இதய, ரத்தக்குழாய் நோய் வாய்ப்பு சுமார் 2 மடங்கு என்று 2019-ல் இன்னொன்று. இரண்டாவதில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. பிறகு டைப் 2 வராமலே இருந்த பெண்களிடமும் இதய ஆபத்து ஒன்றரை மடங்குக்குக் குறையவில்லை. "சுகர் நார்மல் ஆயிடுச்சு, கதை முடிஞ்சுது" என்று விட்டுவிட முடியாது.

நிலாமுற்றம்

இதற்கு நடைமுறை: குழந்தை பிறந்து 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனை. அதில் நார்மல் என்று வந்தாலும் 1 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க. அதோடு பிரஷரும் கொழுப்பும். கர்ப்பகாலப் பிரஷர், குறிப்பாக பிரீஎக்லாம்ப்சியா (பிரஷரோடு சிறுநீரகம் போன்ற உறுப்புகளும் பாதிக்கப்படும் கர்ப்பகாலக் கோளாறு) வந்தவர்களும் இதையெல்லாம் தவறாமல் பார்க்க வேண்டும்.

எந்த மருத்துவரிடம் போனாலும் உங்கள் பிரசவ வரலாற்றை நீங்களாகவே சொல்லுங்கள். இதய மருத்துவரிடமும்தான். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

செந்தூரம்

நான் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். எல்லோரும் வராமல் தடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. ஆனால் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யாராவது சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ள பெண்கள் எங்களிடம் தாமதமாகத்தான் வருகிறார்கள். மனது ஆறவில்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கை. "பெண்களுக்கு நெஞ்சு வலி வராது, வேற மாதிரிதான் வரும்" என்று பலர் பகிர்கிறார்கள். அப்படி இல்லை. பெண்களுக்கும் மாரடைப்பில் அதிகம் வருவது நெஞ்சுத் தொந்தரவுதான். ஆனால் அவர்கள் அதை "வலி" என்று சொல்வது குறைவு. "அழுத்துது", "இறுக்குது", "என்னமோ பண்ணுது" என்பார்கள். கூடவே மற்றவையும் வரும்: மூச்சு வாங்குவது, குமட்டல், தாடையில் அல்லது கழுத்தில் வலி, மேல்முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே வலி, காரணமே இல்லாமல் குளிர்ந்த வியர்வை, எழுந்திருக்க முடியாத அசதி. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு நெஞ்சைக் கடைசியில் சொல்வார்கள், கேட்பவர் வாயுத் தொல்லை என்று எழுதிவிடுவார்.

சர்க்கரை இருந்தால் இன்னொரு சிக்கல். நெடுநாள் சர்க்கரையால் பாதத்தில் நரம்பு மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். இதயத்துக்குப் போகிற நரம்புகளும் அப்படியே பாதிக்கப்படும். அப்போது மாரடைப்பே வந்தாலும் வலி தெரியாமல் போகலாம், அல்லது லேசாகத் தெரியலாம். வேறு எதற்கோ எடுத்த இசிஜியில் பழைய மாரடைப்பின் தடம் தெரிந்து அதிர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நிறைய பேர் மாட்டிக்கொள்கிற இடம். வியர்வை, படபடப்பு, நடுக்கம், தலைசுற்றல் எல்லாம் சுகர் இறங்கினாலும் வரும். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மீட்டரில் சுகர் பாருங்கள். இறங்கியிருந்தால் இனிப்பு எடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சுகர் நார்மலாக இருக்கிறது, அல்லது இனிப்பு எடுத்துச் சுகர் ஏறிய பிறகும் வியர்வையும் மூச்சுத் திணறலும் நிற்கவில்லை என்றால் அதை இதயம் என்றே எடுத்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அவசரப் பிரிவில் உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "எனக்குச் சர்க்கரை நோய் இருக்கு, இது ஹார்ட்டா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, இசிஜி எடுங்க." முதல் இசிஜி நார்மலாக இருந்தால் மட்டும் வீட்டுக்குப் போகச் சம்மதிக்காதீர்கள். சில மாரடைப்புகளில் முதல் இசிஜி நன்றாகவே இருக்கும். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பதும் அதனால்தான். சில நவீன டிரோபோனின் சோதனைகளில் பெண்களுக்கான எல்லை ஆண்களுடையதைவிடக் குறைவு. ஆண்களின் எல்லையை வைத்து "நார்மல்" என்றால் ஒரு பெண்ணின் மாரடைப்பு தப்பிப்போக வாய்ப்பு உண்டு.

தூரத்துமணி

செந்தூரம் அக்கா, என் அம்மாவுக்கு 63 வயது, நீண்ட நாள் சர்க்கரை. நடந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது. ஆஞ்சியோ எடுத்தார்கள், அடைப்பு இல்லை. "இதயத்துல ஒண்ணும் இல்ல, மனசுல பயம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் தொந்தரவு நிற்கவில்லை. அம்மா இப்போது சொல்வதையே நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

செந்தூரம்

தம்பி, அம்மா சொல்வதை நிறுத்தியதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தொந்தரவு உண்மை என்று முதலில் அவரிடம் நீங்கள் சொல்லுங்கள். மற்றதை டாக்டர் சொல்லட்டும்.

நிலாமுற்றம்

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் பெரிய சாலைகள் மட்டும். சந்து பொந்துகள் அதில் தெரியாது. சர்க்கரை அந்தச் சந்துகளையும் கெடுக்கிறது. பெரிய தமனியில் அடைப்பே இல்லாமல், நுண்ணிய குழாய்கள் விரிய மறுப்பதால் இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகலாம். இது பெண்களிடம் அதிகம். அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த ஆய்வு நிறுவனம் 1996-ல் தொடங்கிய வைஸ் என்ற ஆய்வு இதற்காகவே பெண்களைத் தொடர்ந்து பார்த்தது. நெஞ்சு வலி இருந்தும் ஆஞ்சியோவில் அடைப்பு இல்லாத பெண்களில் கணிசமானவர்களுக்கு நுண்குழாய்க் கோளாறு இருந்தது. இவர்களுக்குப் பின்னாளில் இதய நிகழ்வுகளும் கூடுதல். ஆக "ஒண்ணும் இல்ல" என்று சொல்வது தவறு.

உங்கள் அம்மாவுக்கு இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது, விறைத்துப்போயிருக்கும். வயதான பெண்கள், சர்க்கரை, பிரஷர், கூடுதல் எடை உள்ளவர்களிடம் இந்த வகை இதயச் செயலிழப்பு அதிகம். எக்கோவில் "பம்பிங் 60 சதவீதம், நார்மல்" என்று எழுதியிருக்கும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் மட்டும் தொடரும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா, கணுக்கால் வீங்குகிறதா, சில நாளிலேயே எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இதய மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எக்கோவில் இதயம் தளர்வது எப்படி இருக்கிறது?" "பிஎன்பி ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?" (இதயம் திணறுவதைக் காட்டும் சோதனை அது.) இந்த வகைச் செயலிழப்புக்கு இப்போது பலன் தரும் மருந்து இருக்கிறது.

தூரத்துமணி

கணுக்கால் வீக்கம் இருக்கிறது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்று நினைத்தோம். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போகிறேன்.

நிலாமுற்றம்

போகும்போது எல்லா மாத்திரைகளையும் எடுத்துப்போங்கள். அதில் பயோகிளிட்டசோன் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். சுகருக்கான அந்த மாத்திரை உடலில் நீரைச் சேர்க்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. பெண்களுக்கு எலும்பு முறிவு ஆபத்தையும் கூட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், காட்டிக் கேளுங்கள்.

கல்மரம்

டாக்டர், என் மனைவிக்கு ஸ்டாட்டின் எழுதினார்கள். அது சுகரை ஏற்றும் என்று யாரோ சொன்னதால் வாங்கவே இல்லை. அதோடு, சர்க்கரை உள்ள எல்லாப் பெண்களும் முன்கூட்டியே டிரெட்மில்லோ ஆஞ்சியோவோ எடுத்துவிட்டால் நல்லதுதானே?

நிலாமுற்றம்

சுகரைக் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சத்தைவிட இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பல மடங்கு பெரிது. இதய நோய் வராத டைப் 2 நோயாளிகளுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த கார்ட்ஸ் ஆய்வில் (2004) பெரிய இதய நிகழ்வுகள் 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே ஆய்வை முடித்தார்கள். தசை வலி வந்தால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். வாங்காமலே விடுவதற்கு அது காரணமில்லை.

ஆஸ்பிரின் வேறு கதை. இதய நோய் வராதவர்கள் தாமாக வாங்கிப் போடக்கூடாது. 2018-ல் வந்த அசெண்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக்குழாய் நிகழ்வுகள் 12 சதவீதம் குறைந்தன, ஆனால் பெரிய ரத்தக்கசிவு 29 சதவீதம் கூடியது.

டிரெட்மில் பற்றி: அறிகுறியே இல்லாதவர்களுக்கு எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு உண்டு. டையாட் என்று பெயர். சுமார் ஐந்தில் ஒருவருக்கு அமைதியான ரத்தக்குறைவு தெரிந்தது. ஆனால் 2009-ல் முடிவு வந்தபோது, ஸ்கேன் எடுத்த குழுவில் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. அந்தப் பணத்தையும் கவலையையும் பிரஷர், எல்டிஎல் பக்கம் திருப்புங்கள். அறிகுறி ஏதாவது இருந்தால் மட்டும், சின்னதாக இருந்தாலும், சோதனையைத் தள்ளிப்போடக்கூடாது.

வெண்முகில்

எனக்குச் சுகருக்கு டாப்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், இதயத்துக்கும் நல்லது என்றார்கள். ஆனால் அந்தரங்கப் பகுதியில் அரிப்பு தாங்கவில்லை. டாக்டர் ஆண் என்பதால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்.

செந்தூரம்

நிறுத்தாதீர்கள் வெண்முகில், சொல்லுங்கள். அங்கே இருக்கும் செவிலியரிடமாவது சொல்லுங்கள். இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால் பூஞ்சைத் தொற்று வரும், பெண்களுக்கு ரொம்பவே சகஜம். பெரும்பாலும் சாதாரணப் பூஞ்சை மருந்திலேயே சரியாகிவிடும். சிறுநீர் கழித்த பிறகு தண்ணீரில் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்வது உதவும். இந்தக் கூச்சத்தாலேயே நல்ல மருந்தை ரகசியமாக நிறுத்திவிட்டு, பிறகு மூச்சுத் திணறலோடு வருகிறவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை: வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல், அல்லது அறுவை சிகிச்சை என்றால் இந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும். சுகர் அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடலாம். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி

இன்று போய்வந்தேன். இந்த இழையில் படித்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். கர்ப்பகாலச் சர்க்கரையைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கோப்பில் குறித்துக்கொண்டார். சிறுநீர் ஆல்புமின் 42. ஒரு முறை வைத்து முடிவு செய்யக்கூடாது, மறுபடி எடுக்க வேண்டும் என்றார். ஸ்டாட்டின் ஆரம்பித்திருக்கிறோம், பிரஷருக்கும் மாத்திரை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னார். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவியும் வாங்குகிறேன்.

பனிவிதை

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். இங்கே எல்லோரும் டைப் 2 பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு 29 வயது, 11 வயதிலிருந்து டைப் 1. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா? அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். இப்போது ஒரு பிரஷர் மாத்திரையும் ஸ்டாட்டினும் எடுக்கிறேன்.

ஆய்வுக்கண்

பொருந்தும். டைப் 1-ல் ஆண்-பெண் வித்தியாசம் இன்னும் கூடுதல். 2015-ல் வந்த தொகுப்பாய்வில், டைப் 1 உள்ள பெண்களுக்கு எல்லாக் காரணங்களாலும் வரும் மரணத்தின் கூடுதல் ஆபத்து, ஆண்களுக்கு இருப்பதைவிட 37 சதவீதம் அதிகமாக இருந்தது. ரத்தக்குழாய் மரணத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதயச் செயலிழப்பிலும் டைப் 2-ஐவிட டைப் 1-ல்தான் இந்த இடைவெளி பெரிது. சிறு வயதிலேயே நோய் வருவதால் ரத்தக்குழாய்கள் நெடுங்காலம் சர்க்கரையில் இருக்கின்றன. நீங்கள் இந்த வயதிலேயே கேட்பது மிக நல்லது.

நிலாமுற்றம்

பனிவிதை, கருத்தரிக்க முயற்சி செய்வதற்கு முன்பே, கருத்தடையை நிறுத்தாமல் இருக்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். காரணம் அந்த இரண்டு மாத்திரைகள். உங்கள் பிரஷர் மாத்திரை எனாலபிரில், ராமிபிரில் மாதிரி "பிரில்" என்று முடிவதாகவோ, லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் மாதிரி "சார்ட்டன்" என்று முடிவதாகவோ இருந்தால் கர்ப்பத்தில் கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். லேபட்டலால், நிஃபிடிபின் போன்றவற்றுக்கு மாற்றுவார்கள். ஸ்டாட்டினையும் வழக்கமாகக் கருத்தரிக்கும் முன்பு நிறுத்துவார்கள். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், மாற்று மருந்து கையில் கிடைத்த பிறகே பழையதை விடுங்கள்.

எச்பிஏ1சி-யை முடிந்தவரை 6.5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டுக் கருத்தரிப்பது குழந்தைக்கு நல்லது. கூடவே கண் பரிசோதனை, சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின், இசிஜி. டைப் 1 உள்ளவர்களுக்கு பிரீஎக்லாம்ப்சியா வாய்ப்பு அதிகம் என்பதால், கர்ப்பம் உறுதியானதும் 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது வழக்கம். மேலே நான் ஆஸ்பிரின் வேண்டாம் என்று எழுதியது இதற்குப் பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரசவம் முடிந்து பால் கொடுக்கும்போது எந்த மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று அப்போதே கேட்டு, தேதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திய ஸ்டாட்டினை மறுபடி தொடங்காமலே பல வருடம் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.